நரம்பா, எலும்பா? அவசரத்தில் எந்த வழி

வயிற்றுப்போக்கில் நீர் வற்றித் துவண்டு வரும் குழந்தைக்கு ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பு (ரத்தக்குழாய்) தேடுவது பெரும்பாடு. ரத்த ஓட்டம் குறைந்ததும் உடம்பு முதலில் சுருக்குவது கை, கால் நரம்புகளைத்தான். எலும்பு மஜ்ஜைக்குள் ஓடும் நாளங்களோ அப்படி ஒட்டிக்கொள்வதில்லை. சுற்றியிருக்கும் எலும்பே அவற்றை விரித்துப் பிடித்திருக்கிறது. அதிர்ச்சி நிலையில் (ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த ‘ஷாக்’ நிலை) இருக்கும் குழந்தைக்கு நரம்பு சட்டென்று கிடைக்காவிட்டால், மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருக்காமல் எலும்புக்குள் ஊசி இறக்கி மஜ்ஜை வழியாக ஏற்றப் போய்விட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இது புதிய வித்தையும் இல்லை. 1940-களில் புழங்கி, பிறகு கைவிடப்பட்ட முறை. இந்தியாவில் காலரா நோயாளிகளுக்கு எலும்பு வழியாகச் சலைன் ஏற்றுவதை நேரில் பார்த்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஓர்லோவ்ஸ்கி, 1984-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மறுபடி கவனம் பெற்றது.

பெரியவர்களுக்கு இதயம் நின்றுபோனால்? அங்கே கதை வேறு. பிரிட்டனில் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், முதலில் எலும்பு வழி முயலப்பட்டவர்களில் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 4.5%, நரம்பு வழியில் 5.1%. பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு வந்த டென்மார்க் ஆய்வில் துடிப்பு திரும்பி நிலைத்தது எலும்பு வழியில் 30%, நரம்பு வழியில் 29%. ஆகவே கையில் நல்ல நரம்பு தெரிந்தால் அதுவே முதல் வழி.

எலும்பு வழிக்குத் தனித் தொல்லைகளும் உண்டு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உட்பக்கத் தட்டையான பரப்பில் ஊசியைத் திருகி இறக்கினால், தடை விட்டுப்போவது கைக்கே தெரியும். கையால் பிடிக்காமலே ஊசி நிற்கும். ஆனால் பாட்டிலைத் தொங்கவிட்டால் மட்டும் வேகமாக இறங்காது. பெரியவர்களுக்கு அழுத்தப் பை கட்ட வேண்டும், குழந்தைக்குச் சிரிஞ்சால் தள்ள வேண்டும். நினைவோடு இருப்பவருக்குக் குத்துவதைவிட மருந்து ஏறும்போதுதான் வலி அதிகம்; அதனால் முதலில் லிக்னோகெயின் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தை மெதுவாகச் செலுத்துவார்கள். கெண்டைக்காலை அடிக்கடி தொட்டுப் பார்ப்பதும் அவசியம். இறுகி வீங்கினால் மருந்து வெளியே கசிகிறது என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும். முறிந்த எலும்பில் போடவே கூடாது. போட்ட ஊசியையும் 24 மணி நேரத்துக்குள், நரம்பு கிடைத்ததும் எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் கருவி. பேட்டரியில் ஓடும் துளைப்பான் பெரியவர்களின் கெட்டி எலும்புக்கு நல்ல உதவி, விலைதான் அதிகம். சின்னக் குழந்தையின் எலும்பு மென்மையானது, கையால் திருகும் ஊசியே போதும். துளைப்பான் வாங்க வசதியில்லாத மருத்துவமனையும் அந்த ஊசியையாவது அவசர ட்ராலியின் மேல்தட்டில் வைத்திருக்கலாம்.