முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்: கிட் போடுவதா, புதுசு வாங்குவதா, ரேடியலுக்குப் போவதா?

பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில், கடல் பார்க்க நிறுத்திய வேன்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, முன் பிரேக்கை மட்டும் பிடித்தபடி நின்றிருந்தேன். நாலைந்து நொடியில் லிவர் தானாக இறங்கி ஹேண்டில்பாரைத் தொட்டது. வண்டி பின்னால் உருண்டது. விட்டு மறுபடி பிடித்தால் கெட்டியாக நிற்கிறது. பிடித்தே வைத்திருந்தால் திரும்பவும் இறங்குகிறது. பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

இது மாஸ்டர் சிலிண்டரின், அதாவது லிவரை இழுத்ததும் ஆயிலைத் தள்ளும் பம்பின், கோளாறு. உள்ளே பிஸ்டனோடு நகரும் ரப்பர் கப் தேய்ந்தாலோ, அது உரசும் சுவரில் குழி விழுந்தாலோ, அழுத்தப்பட்ட ஆயில் காலிப்பருக்கு (சக்கரத்தின் டிஸ்கை பேடால் கவ்வும் பாகம்) போகாமல் கப்பைத் தாண்டிப் பின்பக்கம் நழுவிவிடும். லிவர் பஞ்சு மாதிரி அமுங்குவது வேறு நோய். அங்கே லைனில் காற்று இருக்கும், இல்லையென்றால் பழைய ரப்பர் ஹோஸ் உப்பிக்கொடுக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையில்லாத பாகத்தை மாற்றியவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் நிறையப் பேர்.

என் வண்டி பத்து வருடம் தாண்டிய 150 சிசி. முன்னால் ஒற்றை டிஸ்க், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) கிடையாது. மண்டபத்து மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "கிட் போட்டா சரியாயிரும் தம்பி" என்றார். கீழக்கரையில் இருக்கும் நண்பன், "நல்ல சாக்கு கிடைச்சிருக்கு மாப்ள, ரேடியலே போட்டுரு" என்றான். ரேடியல் என்பது பிஸ்டனை வேறு திசையில் வைத்த, விலை கூடிய மாஸ்டர் சிலிண்டர். அவன் ஏற்கெனவே தன் 650 சிசி ட்வின் வண்டியில் போட்டுவிட்டவன். இந்த இரண்டு யோசனைக்கும் நடுவில் இன்னும் இரண்டு வழிகள் இருந்தன.

முதலில் கிட்

பிஸ்டன், கப்புகள், ஸ்பிரிங், பிஸ்டனை வெளியே வராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையம், அதன் வாயை மூடும் ரப்பர் பூட் எல்லாம் சேர்ந்து வருவதுதான் கிட். சில நூறு ரூபாயில் முடியும். சிலிண்டரின் உள்சுவர் நன்றாக இருந்தால் இதைவிடச் சிக்கனமான வைத்தியம் இல்லை. ஆனால் கடலோரத்தில் அந்த 'இருந்தால்' கொஞ்சம் பெரிய வார்த்தை.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு இது பெரிய கவலை. ராமநாதபுரத்தில் ஏறி இறங்க மலையே இல்லை. பாம்பன் பாலம்தான் எங்கள் மலை. இங்கே அந்தத் தண்ணீர் செய்யும் கெடுதல் வேறு. அலுமினியச் சுவரை உள்ளிருந்து அரிக்கும். வெளியிலிருந்து ஆனி, ஆடியில் கச்சான் காற்று உப்பையும் மணலையும் கொண்டுவந்து ரப்பர் பூட்டுக்குள் திணிக்கும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். அதே காற்றுதான் விரல் தடிமன் சிலிண்டர் மேலும் அடிக்கிறது.

என்னுடையதைப் பிரித்தபோது பூட்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சர்க்ளிப் துருப்பிடித்து, பிளையர் பட்டதும் உடைந்தது. பிஸ்டன் வெளியே வரவே அரை மணி நேரம் ஆனது. டார்ச் அடித்துப் பார்த்தால் சுவரில் புள்ளி புள்ளியாகக் குழிகள். மெல்லிய குச்சியால் தடவினாலே தட்டுப்பட்டது. அப்படித் தட்டுப்பட்டால் கிட்டை மறந்துவிட வேண்டியதுதான். அண்ணன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்றார். மேல்பூச்சு போய், புதுக் கப் இன்னும் சீக்கிரம் கிழியும் என்று மறுத்துவிட்டேன்.

சுவர் நன்றாக இருந்து கிட் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கப்புகளைப் புது பிரேக் ஆயிலில் நனைத்தே உள்ளே விட வேண்டும். செயினுக்குப் போடும் கிரீஸ் வேண்டாம்; பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும். போதாக்குறைக்கு, ஆயில் திரும்பிவரும் ஊசிமுனை அளவுத் துளை ஒன்று ஆயில் டப்பாவின் அடியில் இருக்கிறது. அதில் பழைய ஆயிலின் பிசின் அடைத்திருந்தால் லிவரை விட்ட பிறகும் பேட் டிஸ்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கிட் போட்டும் சக்கரம் சுற்றவில்லை என்கிற புலம்பலுக்குப் பெரும்பாலும் இந்தத் துளைதான் காரணம்.

பெரிய வண்டியின் சிலிண்டர்

பழைய சாமான் கடையில் ஒரு பெரிய வண்டியின் சிலிண்டர் கிடந்தது. பார்க்க முரட்டுத்தனமாக, அழகாக இருந்தது. பலரும் விழும் பள்ளம் இது.

இங்கே கணக்கு ஒன்றே ஒன்றுதான். விரல் கொடுக்கும் விசையைப் பிஸ்டனின் பரப்பு பங்குபோடுகிறது. பரப்பு சிறிதானால் ஆயிலில் அழுத்தம் கூடும், லிவர் அதிக தூரம் போகும். பரப்பு பெரிதானால் லிவர் கெட்டியாகும், அழுத்தம் குறையும். அளவு பல சிலிண்டர்களின் உடம்பிலேயே வார்த்திருக்கும்: அங்குலத்தில் 1/2, 5/8 என்றோ, மில்லிமீட்டரில் 14 என்றோ. போர் சைஸ் என்பார்கள். எங்கள் ஊரில் போர் என்றால் தண்ணீருக்கு அலைவதுதான் ஞாபகம் வரும். இது சிலிண்டரின் உள்விட்டம்.

என் வண்டியில் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். கடையில் கிடந்தது 5/8, கிட்டத்தட்ட 15.9 மில்லிமீட்டர். பார்வைக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். லிவரின் நெம்புகோல் அளவு ஒன்றுபோல் இருந்தால், அதே விரல் விசைக்கு அழுத்தம் 36 சதவீதம் குறைந்துவிடும். அது இரண்டு டிஸ்க், இரண்டு காலிப்பருக்கு ஆயில் தள்ளச் செய்தது. ஒற்றைக் காலிப்பருக்குப் போட்டால் லிவர் கல் மாதிரி நிற்கும், வண்டி நிற்காது. கல் மாதிரி இருப்பதைத்தான் பலர் நல்ல பிரேக் என்று நினைக்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் போகலாம். 12.7-லிருந்து 11-க்கு இறங்கினால் அழுத்தம் சுமார் 33 சதவீதம் கூடும். கேட்க இனிக்கும். ஆனால் பேட் கொஞ்சம் தேய்ந்ததும், லைனில் துளி காற்று இருந்தாலும், லிவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. தனுஷ்கோடி சாலையில் கம்பிப்பாடு தாண்டியதும் காற்று மணலைத் தார் மேல் வாரிப் போட்டிருக்கும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அந்த மணல் மேல் முன் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு வேண்டியது கடிக்கும் பிரேக்கைவிட, எவ்வளவு கடிக்கிறது என்று விரலுக்குச் சொல்லும் பிரேக்.

ரேடியல்

அந்தச் சொல்லும் திறமையில் ரேடியலை அடிக்க ஆள் இல்லை. நண்பனின் வண்டியை தேவிபட்டினம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சாதாரண சிலிண்டரில் பிஸ்டன் ஹேண்டில்பாருக்கு இணையாகப் படுத்திருக்கும். நாம் லிவரைப் பின்னால் இழுக்கிறோம், பிஸ்டன் பக்கவாட்டில் போகிறது. ரேடியலில் பிஸ்டன் ஹேண்டில்பாருக்குச் செங்குத்தாக, லிவர் வரும் திசையிலேயே நகரும். விசை வளைந்து போகாததால் உராய்வு இழப்பு குறைவு, விரலுக்குக் கிடைக்கும் தகவல் தெளிவு. பிரெம்போ கம்பெனியின் 19 ஆர்சிஎஸ் போன்ற ரேடியல்களில் லிவரின் அச்சுக்கும் பிஸ்டன் தள்ளும் இடத்துக்கும் உள்ள தூரத்தை 18, 20 மில்லிமீட்டர் என இரண்டு விதமாக வைக்கலாம். 18-இல் லிவர் மென்மையாக, நீளமாகப் போகும். 20-இல் சுருக்கமாக, கெட்டியாக. ஆனால் 19 மில்லிமீட்டர் போர் இரட்டை டிஸ்க் வண்டிகளுக்கானது. ஒற்றை டிஸ்குக்கு ரேடியலிலும் சின்ன போர்தான் தேட வேண்டும்.

அப்புறம் அதோடு வரும் உபரி வேலைகள். பிரேக் லைட் சுவிட்ச் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கண்ணாடி மாட்டும் மரை, சிலிண்டரை ஹேண்டில்பாரில் பிடிக்கும் கிளாம்பில் இல்லாமல் போகலாம். ஹோஸைப் பிடிக்கும் பான்ஜோ போல்ட்டின் மரை இடைவெளி இங்கே பல வண்டிகளில் 1.25 மில்லிமீட்டர், பிரெம்போவில் 1.0. விட்டம் இரண்டிலும் 10 மில்லிமீட்டர் என்பதால், அரைச்சுற்று ஏறியதும் சரி என்று நினைத்து ஸ்பேனர் போட்டால் சிலிண்டரின் மரை போய்விடும். ரேஸுக்கென்றே செய்த சிலவற்றில் பிஸ்டனை மூடும் ரப்பர் பூட்டே இருக்காது. ரேஸ் வண்டியை அடிக்கடி பிரித்துத் துடைக்க ஆள் உண்டு. வாலிநோக்கம் உப்பளக் காற்றில் தினமும் நிற்கும் வண்டிக்கு அது ஒத்துவராது. விலையோ, இரண்டு நல்ல டயர் வாங்கும் காசுக்கு மேல்.

நண்பனின் வண்டியில் 320 மில்லிமீட்டர் டிஸ்க், ஏபிஎஸ், பாரமும் அதிகம். வேகமாகவும் போகிறவன். அவனுக்கு அது தகும். என் 150-க்கு அது பட்டுவேட்டி கட்டிக்கொண்டு இறால் பண்ணையில் இறங்குவது.

இதே தோற்றத்தில் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பளபள சிவப்பு, தங்க நிற நகல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை வாங்கினேன். லிவர் மேலும் கீழும் ஆடியது. திருப்பி அனுப்பினேன்.

நான் செய்தது

அதே போர் அளவில், கம்பெனி உதிரி பாகமாக வரும் முழுப் புது சிலிண்டர். கூடவே பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்டீல் ஹோஸ். உறை முக்கியம், வெறும் கம்பிப் பின்னலுக்குள் மணல் புகுந்தால் அது பக்கத்தில் உரசும் எல்லாவற்றையும் அரம் மாதிரி அராவும். பழைய ஹோஸ் உப்புவதில் வீணான லிவர் தூரம் திரும்பக் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், பாதி மேம்பாடு ஹோஸில்தான் தெரிந்தது. செம்பு வாஷர்களும் புதுசு.

காற்று எடுக்கும்போது பிடிவாதமாகக் கொஞ்சம் மென்மை மிச்சமிருந்தது. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பி, சிலிண்டர் மேலாக இருக்கும்படி வைத்து, லிவரைக் கயிற்றால் கட்டி இரவு முழுக்க விட்டேன். காலையில் சரியாக இருந்தது. ஏபிஎஸ் வண்டிகளில் ஆயில், அழுத்தத்தை ஏற்றி இறக்கும் மாடுலேட்டர் என்ற பாகம் வழியாகச் சுற்றிப் போவதால், அங்கே காற்று சிக்கினால் சிலவற்றை சர்வீஸ் சென்டர் கருவியோடுதான் எடுக்க முடியும். அதனால் ஆயில் டப்பாவைக் காலியாக விடாமல் வேலை செய்வது நல்லது.

இப்போது பூட்டின் ஓரத்தில் சிலிக்கோன் கிரீஸ் தடவுகிறேன், லிவரின் அச்சு போல்ட்டை மழைக்கு முன் ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன், ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருப்பதை ஒரு வருடமாக்கிவிட்டேன். நண்பன் போன வாரம் வந்திருந்தான். ரேடியல் அருமையாக வேலை செய்கிறதாம். கண்ணாடிக்காகத் தனியாகச் செய்து மாட்டிய பிராக்கெட்தான் துருப்பிடித்து ஆடுகிறது, "ஒங்கிட்ட பழைய கிளாம்ப் இருக்குல்ல மாப்ள, அதக் குடு" என்று வாங்கிக்கொண்டு போனான்.