பாலிக்குத் தனியாகப் போனால் உபுத்தா, சிடெமெனா?

பாலியின் நடனம், ஓவியம், கோயில் சடங்கு ஆகியவற்றுக்காகவே ஒரு வாரம் ஒதுக்கிப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எங்கே தங்குவது என்பதைத்தான். தெற்கே கடற்கரையோரத்துக் கூட்டா, செமின்யாக் இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மிஞ்சுவது இரண்டு ஊர்கள்: தீவின் நடுவே கியான்யார் மாவட்டத்து உபுத், கிழக்கே காராங்காசெம் மாவட்டத்து சிடெமென். உபுத்தில் நெரிசல் தாங்காது என்பார்கள். சிடெமென் அந்தக் காலத்து உபுத் போல இருக்கிறது என்பார்கள். இரண்டுமே உண்மை. ஆனாலும் ஸ்கூட்டர் ஓட்டாமல் தனியாகப் போகிறவருக்கு நான் உபுத்தைத்தான் சொல்வேன். மாலை ஆறரை மணிக்கு மேல் எதைப் பார்க்கலாம், பார்த்துவிட்டு எப்படித் திரும்பலாம் என்பதே அதற்குக் காரணம்.

அமைதி, வயல்வெளி, அகுங் மலையின் காட்சி மூன்றிலும் சிடெமென் முன்னே நிற்கிறது. கடைகள், சாப்பாடு, பணம் எடுக்கும் இயந்திரம், மருந்தகம் என்று பார்த்தால் உபுத். விசாவுக்கு 5 லட்சம் ருபியாவும் சுற்றுலா வரிக்கு 1.5 லட்சம் ருபியாவும் எங்கே தங்கினாலும் கட்டியாக வேண்டும். இனி வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

இருட்டிய பிறகு

பூமத்திய ரேகைக்குப் பக்கத்துத் தீவு என்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறு, ஆறே முக்கால் மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். பாலியின் மேடைக் கலையில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உபுத் அரண்மனையான புரி சாரென் முற்றத்தில் இரவு ஏழரைக்கு லெகோங் நடனமோ பாரோங் நடன நாடகமோ நடக்கும். அங்கிருந்து மேற்கே சில நிமிட நடையில் இருக்கும் புரா தாலெம் உபுத் கோயிலில், குறிப்பிட்ட நாட்களில், தீயைச் சுற்றி அமர்ந்து ஆண்கள் குரலாலேயே தாளம் கட்டும் கெச்சாக். தாமரைக் குளத்துச் சரஸ்வதி கோயிலின் முன்னாலும் நடனம் உண்டு. பெலியாத்தான் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1931-இல் பாரிஸ் கண்காட்சிக்கும் 1952-இல் அமெரிக்காவுக்கும் போய் ஆடிய குழுக்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம். வாரத்தில் எந்த நாள் போனாலும் நடந்து போகிற தூரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் இருக்கும்.

சீட்டு பெரும்பாலும் 1 லட்சம் ருபியாவை ஒட்டியே இருக்கும். வேட்டி கட்டிய ஆட்கள் தெருவிலேயே விற்பார்கள். விலை சீட்டில் அச்சிட்டிருப்பதால் அவர்களிடம் வாங்குவதில் பயமில்லை. அரண்மனையில் இருக்கைக்கு எண் கிடையாது. ஏழரை மணி ஆட்டத்துக்கு ஆறே முக்காலுக்கே போய் உட்கார்ந்தால்தான் ஆடுபவரின் விரலும் விழியும் தெரியும். லெகோங்கில் பார்க்க வேண்டியதே அந்த இரண்டும்தான். பின் வரிசைக்குப் போனால் உடையையும் வெளிச்சத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோம். மழை வந்தால் மண்டபத்துக்கு மாற்றிவிடுவார்கள். அப்போது முன்னால் உட்கார்ந்திருந்தவர் பின்னால் போய்விடுவதும் நடக்கும்.

ஒன்பது மணிக்கு முடிந்ததும் பத்து நிமிடத்தில் அறைக்கு நடந்துவிடலாம். காஜெங், கௌதமா, ஹனுமான், பிஸ்மா தெருக்களில் தங்கினால் இது சாத்தியம். கையில் டார்ச் வேண்டும். நடைபாதை என்பது சாக்கடை மேல் போட்ட கற்பலகைதான், இடையிடையே பலகை உடைந்து குழியாக இருக்கும். நாய்கள் குரைக்கும், ஓடாமல் மெல்ல நடந்தால் விட்டுவிடும்.

சிடெமெனில் இரவு என்றால் தவளைச் சத்தமும் நல்ல தூக்கமும். தினசரி மேடை நிகழ்ச்சி என்று அங்கே எதுவும் இல்லை. உபுத்துக்கு வந்து நடனம் பார்க்க வேண்டுமானால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், இரவு மலைப்பாதையில் திரும்பவும் அதே தூரம். கோஜெக், கிராப் என்ற வாடகை வண்டிச் செயலிகளை நம்பிச் சிடெமெனுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், அங்கிருந்து கிளம்ப வண்டி கிடைப்பது அரிது. விடுதிக்காரர் சொல்லும் ஓட்டுநர்தான் வழி, இரவு காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் அவர் விலை சொல்வார்.

செயலி விஷயத்தில் உபுத்தும் முழுக்கச் சுலபம் இல்லை. உள்ளூர் ஓட்டுநர்கள் செயலிக் கார்களைச் சில தெருக்களுக்குள் ஏற்ற விடமாட்டார்கள். பைக் டாக்சி பெரும்பாலும் வரும். அதுவும் வராவிட்டால் பெரிய சாலைக்கு நடந்து போய்ப் பதிவு செய்ய வேண்டும்.

ஒருவருக்கு ஒரு கார்

இருவராகப் போனால் இந்தக் கணக்கே வேறு. ஓட்டுநரோடு கார் எட்டு முதல் பத்து மணி நேரத்துக்கு 6 முதல் 8 லட்சம் ருபியா. 7 லட்சம் என்று வைத்துக்கொண்டால் நம் பணத்தில் ஏறக்குறைய 3,800 ரூபாய். நால்வர் பகிர்ந்தால் ஒன்றுமில்லை. தனியாள் காலி இருக்கைகளுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

ஆறு நாள் தங்குவதாக வைத்துக்கொள்வோம். உபுத்தில் நான்கு நாள் நடையிலும் பைக் டாக்சியிலும் ஓடிவிடும், இரண்டு நாள் கார், 14 லட்சம். சிடெமெனில் இரண்டு நாள் வயலும் தறியுமாக நடந்து பார்த்த பிறகு எங்கே போவதானாலும் கார். நான்கு நாளுக்கு 28 லட்சம். இடையே 14 லட்சம் ருபியா வித்தியாசம். உபுத்தில் குடும்ப வளாகத்துக்குள் இருக்கும் எளிய ஹோம்ஸ்டே அறை காலைச் சாப்பாட்டோடு இரண்டரை முதல் நான்கு லட்சத்துக்குக் கிடைக்கிறது என்பதால், அந்த வித்தியாசத்தில் மூன்று முதல் ஐந்து இரவுகள் கூடுதலாகத் தங்கலாம். விலைகள் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக் காலத்தில் ஏறும். கணக்கின் போக்கு அப்போதும் மாறாது.

"ஸ்கூட்டர் எடுத்தால் தீர்ந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. இருசக்கர வண்டிக்கும் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. சிடெமென் சாலைகள் செங்குத்தும் வளைவும், மழைக்காலத்தில் மண் வழியும். ஊரில் நாள்தோறும் மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய கை என்றால் இந்த அலசலின் பாதி உங்களுக்குப் பொருந்தாது. சிடெமென் அப்போது மிக நல்ல தேர்வு.

பகலில் எது கிடைக்கும்

ஓவியத்துக்கு உபுத்தை விட்டால் வேறு இடம் இல்லை. 1936-இல் உபுத் அரச குடும்பமான சொகோர்தா குடும்பத்தாரும், ஐரோப்பிய ஓவியர்களான வால்டர் ஸ்பீஸ், ருடால்ஃப் பொன்னே, பாலிக் கலைஞர் இ குஸ்தி ஞோமான் லெம்பாத் ஆகியோரும் சேர்ந்து தொடங்கிய பித்தா மஹா கலைஞர் சங்கம் இந்த ஊரில்தான் பிறந்தது. கோயில் துணிகளில் புராணக் கதைகளை வரைந்துகொண்டிருந்த கைகள், சந்தையையும் அறுவடையையும் காகிதத்தில் வரையத் தொடங்கியதை 1956-இல் திறந்த புரி லுகிசான் அருங்காட்சியகத்தில் வரிசையாகப் பார்க்கலாம். முதல் நாள் காலையிலேயே அங்கே போய்விடுவது நல்லது. அதற்குப் பிறகு நேக்கா அருங்காட்சியகத்துக்குப் போனால் லெம்பாத்தின் கோடுகளும், பக்கத்துப் பெனெஸ்தானான் கிராமத்துச் சிறுவர்களுக்கு டச்சு ஓவியர் ஆரி ஸ்மித் வண்ணம் கொடுத்து வரையவிட்ட கதையும் சட்டென்று புரியும். நேக்கா மேற்கே மேட்டில் இருக்கிறது. ஏறும்போது பைக் டாக்சி, இறங்கும்போது நடை.

கற்றுக்கொள்ளவும் தனியாளுக்கு இங்கே வசதி. புரி லுகிசானிலும், ஆர்மா அருங்காட்சியகத்திலும், கால்பந்துத் திடலை ஒட்டிய பொண்டோக் பெக்காக் நூலகத்திலும் நடனம், கமெலான் என்ற வெண்கல வாத்தியக் குழு இசை, மரச் செதுக்கு, பூசைத் தட்டு பின்னுவது என்று சில மணி நேர வகுப்புகள் நடத்துகிறார்கள். ஒருவர் மட்டும் வந்தாலும் நடத்துவார்கள், முந்தைய நாளே சொல்லிவைக்க வேண்டும்.

கார் எடுக்கும் முதல் நாளை வடக்கே வைத்துக்கொள்ளுங்கள். வரிசை முக்கியம்: தொலைவில் இருப்பதை முதலில் பார்த்துவிட்டு உபுத்தை நோக்கி இறங்கி வர வேண்டும். காலை எட்டு மணியளவில் தீர்த்தா எம்புல். பொ.ஆ. 962-ஐச் சேர்ந்த கல்வெட்டோடு தொடர்புள்ள ஊற்றுக் கோயில் இது. பத்து மணிக்கு மேல் போனால் ஒவ்வொரு நீர்த்தாரைக்கும் வரிசையில் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். முதலில் அமர்ந்து வேண்டிக்கொண்டு, பிறகு இடது ஓரத்துத் தாரையிலிருந்து வலது பக்கமாக நகர்வது முறை. நீத்தார் சடங்குக்குரிய இரண்டு தாரைகளில் தலை கொடுக்கக் கூடாது, அவை எவை என்று அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிப்பதற்கென்று தனிச் சாரோங் வாடகைக்குத் தருவார்கள். பையையும் போனையும் பார்த்துக்கொள்ளத் துணையில்லாதவர் அங்கே உள்ள லாக்கரை எடுத்தாக வேண்டும். மாற்றுடையை மறந்தால் மீதி நாள் முழுக்க ஈரத்தோடு அலைய நேரும். மாதவிடாய் நாட்களிலும் ரத்தம் வரும் காயம் இருந்தாலும் எந்தக் கோயிலுக்குள்ளும் நுழையக் கூடாது.

அடுத்து, பக்கத்திலேயே பாறையில் குடைந்த குனுங் காவி. முந்நூறு படி இறங்கி ஏற வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். பிறகு பெஜெங் கிராமத்தில் புரா பெனாத்தாரான் சாசி கோயில். அங்குள்ள பழைய வெண்கல முரசு உயரமான மாடத்தில் இருப்பதால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, போன் கேமராவில் இழுத்துப் பார்க்கலாம். கடைசியாக கோவா கஜா குகைக் கோயில். நம் கோயில்களில் போல மூலவரைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பல கோயில்களில் உருவம் இல்லாத வெற்றுப் பீடமான பத்மாசனமே முதன்மை. உள்முற்றம் வழிபடுவோருக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் வெளிமுற்றத்தோடு நின்றுவிட வேண்டும்.

சிடெமெனின் பலம் நெசவு. எண்டெக் துணிக்கு ஊடை நூலை முன்கூட்டியே கட்டிச் சாயமேற்றுகிறார்கள். சொங்கெட்டில் சரிகை இழையை விரலால் எடுத்துக் கோக்கிறார்கள், இடுப்போடு பட்டை கட்டி உட்கார்ந்து நெய்யும் தறியில் ஒரு துண்டுக்கு வாரக்கணக்கில் ஆகும். இதைத் தறியருகே அமர்ந்து பார்க்கும் நிதானம் உபுத்தில் கிடைக்காது. கிழக்கே தெங்கானான் கிராமத்தில் பாவு, ஊடை இரண்டையும் கட்டிச் சாயமேற்றும் கெரிங்சிங் நெய்கிறார்கள். அதன் சிவப்புக்கு நுணா இனத்து வேரைப் பயன்படுத்துகிறார்கள், ஒரு துணி முடிய ஆண்டுகள் பிடிக்கும். தெற்கே க்ளுங்குங்கில் கெர்த்தா கோசா மண்டபக் கூரையில், பாண்டுவையும் மாத்ரியையும் மீட்கப் பீமன் நரகத்துக்குப் போகும் கதை, பக்கத்துக் காமாசான் கிராமத்து ஓவியப் பாணியில் தீட்டப்பட்டிருக்கிறது. கீழ் வரிசையில் தொடங்கி மேல் நோக்கிப் படிக்க வேண்டும். மகாபாரதம் தெரிந்தவருக்குப் பாத்திரங்கள் பழக்கமானவர்கள்தாம், கழுத்துதான் வலிக்கும். நெசவுக்காகவே போகிறவர் சிடெமெனையே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வாரத்துக்கு மேல் ஒரே தறிப் பட்டறையில் கற்கப் போகிறவருக்கு என் கார்க் கணக்கு எதுவும் பொருந்தாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உபுத்தில் சிரமமே இல்லை. சிடெமெனில் வாருங் எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடைகளில் காய்கறி என்று கேட்டாலும் சம்பலில் இறால் விழுது இருக்கும். "தன்பா தெராசி, தன்பா இக்கான், தன்பா டாகிங்" என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். இறால் விழுது, மீன், இறைச்சி மூன்றும் வேண்டாம் என்று பொருள். புளிக்கவைத்த சோயாவான தெம்பேயும் சோறும் எங்கும் கிடைக்கும்.

திருவிழா நாட்கள்

கோயிலின் ஆண்டு விழாவான ஓடலான் பெரும்பாலும் 210 நாளுக்கு ஒருமுறை வரும். கோயில்கள் ஏராளம் என்பதால் ஒரு வாரத்துக்குள் எங்காவது ஒன்று அகப்பட்டுவிடும். தங்கும் வீட்டாரிடம் காலையிலேயே கேளுங்கள், பல சமயம் அவர்களே கூட்டிப்போவார்கள். சாரோங், இடைக்கச்சை, வெளிர் நிறச் சட்டை, ஆண்களுக்குத் தலைக்கட்டு. வேண்டிக்கொண்டிருப்பவர் முன்னால் குறுக்கே நடப்பதும், பூசாரியைவிட உயரமான இடத்தில் நின்று படமெடுப்பதும் அவர்களைப் புண்படுத்தும். இந்த வாய்ப்பு இரண்டு ஊரிலும் உண்டு. சிடெமெனில் வெளியார் குறைவு என்பதால் அனுபவம் இன்னும் நெருக்கமாகவும் இருக்கும். ஆனால் விழா இரவு பதினொன்று வரை நீளும்போது, நடந்து திரும்பும் தூரத்தில் அறை இருந்தால்தான் கடைசிவரை உட்காரலாம்.

பாலியின் பெருவிழாவான கலுங்கான் 2026-இல் ஜூன் 17 அன்று வருகிறது. அதையொட்டி ஓட்டுநர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், சில நிகழ்ச்சிகள் ரத்தாகும். அந்த வாரம் சிடெமெனில் வண்டியில்லாமல் மாட்டிக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் மார்ச்சில் வரும் ஞெப்பி அன்று தீவு முழுவதும் 24 மணி நேரம் அடங்கிவிடும், விமான நிலையமும் மூடப்படும், அறையை விட்டுத் தெருவுக்கு இறங்க முடியாது. முந்தைய நாளே பழமும் ரொட்டியும் வாங்கி வைக்க வேண்டும்.

ஏழு இரவு கையில் இருந்தால் ஐந்தை உபுத்துக்கும் இரண்டைச் சிடெமெனுக்கும் கொடுங்கள், உபுத் முதலில். இடம் மாறும் நாளையே இரண்டாவது கார் நாளாக்கிக்கொள்ளலாம்: பெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு க்ளுங்குங், காமாசான் பார்த்துவிட்டு மாலையில் சிடெமெனில் இறங்கினால் தனியாக ஒரு பயணச் செலவு மிச்சம். சிடெமெனிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொண்டு, வண்டியை முந்தைய மாலையே விடுதிக்காரரிடம் சொல்லி உறுதி செய்யுங்கள். அதிகாலை விமானம் என்றால் கடைசி இரவைத் தெற்கே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கழிப்பதே நல்லது.