தடுப்புக் கம்பியா, மிக்சர் மேசையா?

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் கச்சேரி என்றாலே நண்பர்கள் கேட்பது இதைத்தான்: மேடையை ஒட்டிய தடுப்புக் கம்பியருகே நிற்பதா, பின்னால் ஒலிப் பொறியாளர் ஒலியைச் சரிசெய்யும் மிக்சர் மேசையருகே நிற்பதா? சென்னையிலிருந்து ரயிலேறிப்போய் பெங்களூர் பேலஸ் மைதானத்தில் இரண்டையும் அனுபவித்தவன் நான்: 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் ராக் குழு, கம்பியருகே; 2011 அக்டோபரில் மெட்டாலிகா ராக் குழு, மிக்சரருகே.

கால்: முன்னால் நகரவே முடியாது. பின்னால் டீ குடித்துவிட்டு வரலாம்.

ஒலி: முன்னால் டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும், பாட்டு வரி புரியாது. ஒலிப் பொறியாளர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தானே சரிசெய்கிறார்! அவர் பக்கத்தில் ஒவ்வொரு கிடாரும் தனித்தனியாகக் கேட்கும்.

நினைவு: கம்பியருகே முன்பின் தெரியாத ஒருவன் பாட்டிலின் கடைசி மடக்கை நீட்டினான். ஒற்றைச் செருப்போடு சென்ட்ரலில் இறங்கினேன். மெட்டாலிகா? ஒலி பிரமாதம், அவ்வளவுதான்.

முதல் தடவையா, கம்பி. முட்டி வலியா, மிக்சர். காதடைப்பான் இரண்டுக்கும்.