ஐந்து கோடா, டேப்பா, கேள்வி ஞானமா: மூளைக்கு எது வேலை கொடுக்கிறது?

மூளைக்கு நல்லது என்று கேள்விப்பட்டு நோட்டேஷன் (இசையைத் தாளில் குறிகளாக எழுதிப் படிக்கும் முறை) கற்கத் தொடங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஐந்து கோட்டு நோட்டேஷன், கிட்டாருக்கான டேப், காதால் கேட்டே வாசிக்கும் கேள்வி ஞானம் ஆகியவற்றில் எந்த முறை மூளையின் எந்தப் பகுதிக்கு வேலை வைக்கிறது என்பதை.

ஐந்து கோட்டு நோட்டேஷனில் குறியின் உயரம் சுருதியைச் சொல்லும், வடிவம் கால அளவைச் சொல்லும். கண் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, தாளம் தவறாமல் விரலுக்கு அனுப்ப வேண்டும். இசைப் பயிற்சியே இல்லாத பெரியவர்களுக்கு 15 வாரம் நோட்டேஷனும் கீபோர்டும் கற்பித்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்த லாரன் ஸ்டூவர்ட் குழுவின் ஆய்வு 2003-ல் வெளிவந்தது. பயிற்சிக்குப் பின் நோட்டேஷன் பார்த்து வாசித்தபோது, மூளையின் வலது பெரைட்டல் மடலின் மேற்பகுதி புதிதாக இயங்கியது. கண்ணால் பார்த்த இடத்தைக் கை அசைவாக மாற்றும் வேலையில் பங்குள்ள பகுதி அது.

ஆனால் குறிகளுக்குக் கீழே ஸ்வரப் பெயரை எழுதிக்கொண்டால் இந்தப் பலன் போய்விடும். கண் எழுத்தைத்தான் படிக்கும், கோட்டைப் பார்க்காது. விரல் எண் எழுதுவதும் இதே தொல்லைதான். கீழ்க்கோட்டிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணுவதும் வேகத்துக்கு உதவாது. கோடுகளின் தொடக்கத்தில் வரும் கிளெஃப் குறிதான் எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று சொல்லும். உயர்ந்த சுருதிகளுக்கான டிரெபிள் கிளெஃபில் கீழிருந்து இரண்டாம் கோடு ஜி, தாழ்ந்த சுருதிகளுக்கான பேஸ் கிளெஃபில் நான்காம் கோடு எஃப், இரண்டுக்கும் நடுவில் மிடில் சி: இந்த மூன்றையும் மனதில் நிறுத்தி, மற்றவற்றை அங்கிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துப் படிக்க வேண்டும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் மூன்றாம் ஸ்வரம், அந்தக் கோட்டை ஒட்டிய இடைவெளிக்குப் போனால் இரண்டாம் ஸ்வரம் (தொடங்கிய ஸ்வரத்தையும் சேர்த்து எண்ணினால்). தினம் 10 நிமிடம், தாளக் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, இதுவரை பார்க்காத நான்கு பார்கள் (செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாளப் பகுதிகள்) போதும். தப்பினாலும் நிற்கக் கூடாது. நின்று திருத்தும் பழக்கம் வந்துவிட்டால் கண் விரலுக்கு முன்னால் ஓடக் கற்காது.

டேப் என்பது கிட்டாரில் எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் (கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்) என்ற விலாசம் மட்டுமே. எளிய டேப்களில் பெரும்பாலும் கால அளவே இருக்காது, பாட்டு ஏற்கெனவே காதில் இருக்க வேண்டும். கிட்டார்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் அதே சுருதி, இரண்டாம் தந்தியின் 5-ஆம் ஃபிரெட்டிலும் மூன்றாம் தந்தியின் 9-ஆம் ஃபிரெட்டிலும் இருக்கிறது. இவற்றில் எந்த இடத்தில் வாசிப்பது என்பதை ஐந்து கோடு சொல்லாது, டேப் சொல்லிவிடும்.

கேள்வி ஞானம் வேறு பாதை. இசைப் பின்னணி இல்லாதவர்களுக்கு ஒரு மெட்டைக் காதாலேயே வாசிக்கக் கற்பித்து 2007-ல் வெளியான லஹாவ் குழுவின் ஆய்வில், கையை அசைக்காமல் அந்த மெட்டைக் கேட்டபோதே அசைவுக்கான பகுதிகள் இயங்கின. காதுக்கும் கைக்குமான இந்தப் பாலத்தை நோட்டேஷன் மட்டும் போட்டுத் தராது. காது கூர்மையான பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல் உண்டு: ஒருமுறை கேட்டதை மனப்பாடமாக வாசித்துக்கொண்டு, படிப்பதுபோலத் தாளைப் பார்த்திருப்பார்கள். நடுவிலுள்ள ஒரு பாரிலிருந்து தொடங்கச் சொன்னால் குட்டு வெளிப்படும்.

ஐ.க்யூ. கூடும் என்பதற்காக மட்டும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஷெல்லன்பெர்க்கின் 2004 ஆய்வு சிறு உயர்வைக் காட்டியது. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த சாலா, கோபே இருவரின் 2020 அலசலிலோ, கட்டுப்பாடான ஆய்வுகளில் அந்தப் பலன் ஏறக்குறைய இல்லை.

கீபோர்டு, வயலினுக்கு ஐந்து கோடு முதலில். கிட்டாருக்கு டேப்பும் ஐந்து கோடும் ஒரே தாளில் அச்சான பாடங்கள். எதுவானாலும் வாரம் இருமுறை, காதால் பிடித்த நான்கு பார் மெட்டை ஐந்து கோட்டில் எழுதிப் பார்க்கலாம். சுருதி சரியாகி, கால அளவில்தான் பெரும்பாலும் பிழை வரும்.