காரைக்குடி கவுன்சலிங் மையம்: தம்பியோடு நான்கு மாதம் போய்வந்த அனுபவம்

மனநல மருத்துவமனையில் 19 நாள் இருந்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தபோது, கையில் மாத்திரைச் சீட்டும் 'ஒரு மாசம் கழிச்சு வாங்க' என்ற ஒரு வரியும்தான் இருந்தது. வீடு வந்து சேர்ந்துவிட்டான், இனிப் பயமில்லை என்றே இருந்தோம். டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரமும் அடுத்த மூன்று மாதமும்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நான்காம் நாள் இந்த மையத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

கவுன்சலர் அக்கா புத்திமதியே சொல்லவில்லை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் "செத்துரலாம்னு இப்பவும் தோணுதா தம்பி?" என்று நேராகக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாதாம், அதோடு அவன் வாய் திறந்து பேசியதே அன்றைக்குத்தான்.

பிறகு அந்த எண்ணம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு அட்டையில் அவனையே எழுதச் சொன்னார். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த முறை இது. முதல் வரி, 'ராத்திரி சோறு வேண்டாம்னு முகப்புல போய் தனியா உக்காந்தா, ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்'. அதற்குக் கீழே ஊருணி வரை சைக்கிளில் போய்வருவது, சித்தப்பா நம்பர், என் நம்பர், கடைசியில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எங்களுக்குச் சொன்னது, மாத்திரையை மொத்தமாக அவன் கைக்கு எட்டும்படி வைக்கக்கூடாது. இப்போது பெட்டகச் சாவி அப்பத்தா இடுப்பில்தான், அன்றன்றைக்கு எடுத்துக் கொடுப்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு தடவை போகாவிட்டாலும் அன்று சாயங்காலமே "என்ன தம்பி, வரலையே?" என்று போன் வந்துவிடும். சாதாரண விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை வைத்துச் இந்தியாவில் சென்னை உட்பட ஐந்து நாடுகளில் ஓரிடத்தில் உலக சுகாதார நிறுவனம் ஆய்வு செய்து, ஒரு முறை உட்கார வைத்துப் பேசிவிட்டு 18 மாதத்தில் ஒன்பது தடவை தொடர்புகொண்டு விசாரித்ததிலேயே தற்கொலைச் சாவு வெகுவாகக் குறைந்ததாக 2008இல் வெளியிட்டிருக்கிறது.

குறை என்றால், காத்திருக்கும் பெஞ்சு தெருவைப் பார்த்து இருக்கிறது. நம் ஊரில் ஒருத்தர் பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் உறவுமுறை முழுக்க விசாரித்துவிடும். இதனாலேயே அம்மா இரண்டு தடவை வர மறுத்தார். ஒரு திரையாவது போடுங்கள்.

கட்டணம் 500 ரூபாய், முடியாதவர்களுக்குக் குறைக்கிறார்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை. புதன், சனி மட்டும்தான் பார்க்கிறார்கள், அதனால் டிஸ்சார்ஜ் தேதி தெரிந்த அன்றே போன் போட்டு நேரம் வாங்கிவிடுங்கள்.