மூளையை வளர்த்தது மொழியா, பண்பாடா?

மனித மூளை பெருத்தது பேச்சாலா, கருவி, தீ என்று பார்த்துப் பழகிய பண்பாட்டாலா? குழம்புகிறவர்களுக்காக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

தடயம்
பண்பாடு: எத்தியோப்பியாவின் கோனாவில் சுமார் 26 லட்சம் ஆண்டுப் பழமையான கல் கருவிகள் கிடைத்துள்ளன.
மொழி: எலும்போடு புதைந்து கிடைக்காது. அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலரிடமும், பேச்சோடு தொடர்புள்ள ஃபாக்ஸ்பி2 மரபணு நம்மிடம் உள்ள அதே வடிவில் இருந்தது. அதை மட்டும் வைத்து அவர்கள் பேசினார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கற்பித்தல்
பண்பாடு: பாம்பன் கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்யும்போது ஊசி எந்தக் கண்ணில் நுழைகிறது, நூலை எந்த விரல் அழுத்துகிறது என்று பார்த்தே பிள்ளை பிடித்துக்கொள்ளும். வாய் வேலை குறைவு.
மொழி: "வாடைக்காலத்துல வடக்குக் கடல் கொந்தளிக்கும், தெக்க மன்னார் பக்கம் தணிஞ்சிருக்கும்" என்பதைச் சித்திரை வெயிலில் உட்கார்ந்து கையால் காட்ட முடியுமா? இங்கே பேச்சுதான் ஜெயிக்கிறது.

தீனி
உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலும் சுமார் 20 சதவீத ஆற்றலைத் தின்கிறது. தீயைப் பழகிய பண்பாடு தந்த சமையல் அதற்கு ஈடுகொடுக்கும். பேச்சு மட்டும் வயிற்றை நிரப்பாது.

சரி, எது யாருக்கு? மூளை ஏன் பெருத்தது என்று கேட்பவர்கள் பண்பாட்டுப் பக்கம் நிற்கலாம், என் ஓட்டும் அதற்கே. தலைமுறை அறிவு எப்படிக் குவிந்தது என்பவர்களுக்கு மொழி.