லண்டன்–சிட்னி 20 மணி நேரம் என்று டிக்கெட் விற்பவர்களிடம் உஷார்

"17,000 கிலோமீட்டர், 20 மணி நேரம், நடுவில் சிங்கப்பூரில் சும்மா இறங்கி ஏறினால் போதும்." லண்டனிலிருந்து சிட்னிக்கு எனக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது. ஊர் போய்ச் சேர முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த 20 எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று காட்டும் இணையதளங்களிலிருந்து. தூரத்தை மணிக்கு 850 கி.மீ. மாதிரி ஒரு வேகத்தால் வகுத்து, வந்த விடையைப் பயண நேரம் என்று போட்டுவிடுவார்கள். அந்த வழியில் விமானம் ஓடுகிறதா, எங்கே நிற்கிறது, எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு ஹெல்சின்கி–டோக்கியோ விமானம் சுற்றிக்கொண்டு போகிறது. ஒன்பதரை மணி நேரம் 13 மணி நேரமாகிவிட்டது. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன!

நேரத்தைக்கூட விட்டுவிடலாம். ஏஜென்ட் போட்டது தனித்தனியாக இரண்டு டிக்கெட், இரண்டு பி.என்.ஆர். (முன்பதிவு எண்). லண்டன் கவுன்டரில் பெட்டிக்கு ஒட்டிய டேக்கில் சிங்கப்பூர் என்று மட்டும் இருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அங்கே இமிக்ரேஷனைத் தாண்டி, பெல்ட்டில் பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் வரிசையில் நிற்க வேண்டும். முதல் விமானம் தாமதமாக வந்ததால் இரண்டாவது போயே போய்விட்டது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இங்கே இரண்டு கம்பெனியும் கையை விரித்துவிட்டன. புது டிக்கெட் என் காசு.

ஏஜென்ட்டிடம் சண்டை போட்டால், வேறொரு டிக்கெட்டைக் காட்டி மடக்கப் பார்த்தார். சிட்னியில் மாலை 4 மணிக்குக் கிளம்பி, மறுநாள் காலை 6 மணிக்கு லண்டன். "பாருங்க, 14 மணி நேரம்தான்!" இரண்டும் அந்தந்த ஊர் நேரம் ஐயா. பருவத்தைப் பொறுத்து சிட்னி 9 முதல் 11 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கூட்டினால் குறைந்தது 23.

கடைசியில், "20 என்பது வானத்தில் பறக்கும் நேரம் மட்டும்" என்றார். அதுவும் பொய். லண்டன்–சிங்கப்பூர் சுமார் 13, சிங்கப்பூர்–சிட்னி சுமார் 8. பணம் திரும்பி வரவில்லை.

பணம் கட்டும் முன் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: காத்திருப்பு உட்பட மொத்த நேரம், ஒரே பி.என்.ஆர்.தானா, பெட்டி கடைசி ஊர்வரை போகுமா. விமான எண்ணைக் கேட்டு வாங்கி விமான நிறுவனத்தின் தளத்திலேயே நேரத்தைச் சரிபாருங்கள். எண்ணைத் தர இழுத்தடித்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.